“நான் கைனெஸ்தெடிக் டைப் அண்ணா”

போன செமஸ்டர் முதல் இன்டர்னல் முடிந்த வாரம் என் சித்தி பொண்ணு போன் பண்ணினாள். ஊர் திருவாரூர் பக்கம் ஒரு கிராமம். பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். இப்போ பி.எஸ்சி நர்சிங் இரண்டாம் வருஷம். பார்மகாலஜியில் 50-க்கு 14.

“விடு, அடுத்த இன்டர்னல்ல பாத்துக்கலாம்” என்றேன்.

“இல்லண்ணா, எனக்கு அது வராது. எங்க கிளாஸ்ல ஒரு டெஸ்ட் வச்சாங்க. நான் கைனெஸ்தெடிக் டைப் அண்ணா. செஞ்சு பாத்தாதான் எனக்கு ஏறும். படிச்சா ஏறாது.”

தன் பிளட் குரூப்பைச் சொல்வது போலச் சொன்னாள். சந்தேகமே இல்லாத குரல்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன்னா எனக்கும் ஒரு டைப் இருந்தது. ஃபர்ஸ்ட் இயர் ஆரியண்டேஷன் வாரத்தில் வெளியிலிருந்து வந்த ஒரு ட்ரெய்னர் எங்கள் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்து டிக் அடிக்கச் சொன்னார். கூட்டிப் பார்த்ததில் நான் ‘விஷுவல்’. ரொம்பப் பெருமையாக இருந்தது. அடுத்த இரண்டு வருஷம் புத்தகத்தைத் தொடாததற்கு அதுதான் என் காரணம். எல்லாமே வீடியோதான், அதுவும் இரட்டை வேகத்தில். பார்க்கும்போது எல்லாம் புரிந்தது. சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பரீட்சையில் பேனாவை எடுத்தபோதுதான் எதுவும் என்னிடம் இல்லை என்று தெரிந்தது. அரியரோடு அந்தப் பெருமையும் முடிந்தது.

நீங்களும் ஏதோ ஒரு டைப்பாகத்தான் இருப்பீர்கள். பெயர் தெரியாவிட்டாலும், “மச்சி, எனக்கு யாராச்சும் சொல்லிக் கொடுத்தாதான் ஏறும்”னு ஒரு தடவையாவது சொல்லியிருப்பீங்க. அதனால் இந்தக் கட்டுரை நர்சிங் பற்றியது என்று நினைத்து அடுத்த பக்கத்துக்குப் போய்விடாதீர்கள். கொஞ்சம் நம்மைப் பற்றியதும்தான்.

தங்கச்சி எழுதிய டெஸ்ட்டின் பெயர் ‘வார்க்’. நாலு ஆங்கில வார்த்தைகளின் முதல் எழுத்து சேர்ந்தது அது. பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், படித்து எழுதிக் கற்பவர், செய்து கற்பவர். நியூசிலாந்தில் பல வருஷம் பள்ளி ஆய்வாளராக இருந்து, பிறகு லிங்கன் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த நீல் ஃபிளெமிங் என்பவர் 1987 வாக்கில் உருவாக்கியது. இப்போதைய வடிவத்தில் 16 கேள்விகள். ஒருத்தருக்கு வழி சொல்லணும்னா மேப் வரைவீங்களா, வாயால சொல்வீங்களா, எழுதிக் கொடுப்பீங்களா, கூடவே போவீங்களா என்கிற ரகம். 1992-இல் சக ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே, இது இன்னொரு அளவுகோல் அல்ல, மாணவர் தன் படிப்பைப் பற்றி யோசிக்க ஒரு தூண்டுகோல் என்று ஃபிளெமிங் சொல்லிவிட்டார். தூண்டுகோலாகக் கிளம்பியது நம்ம ஊர் கிளாஸ்ரூமுக்கு வந்து சேரும்போது பிளட் குரூப் ஆகிவிட்டது.

இன்ஜினியரிங் பக்கமும் இது உண்டு. 1988-இல் ரிச்சர்ட் ஃபெல்டர் என்ற கெமிக்கல் இன்ஜினியரிங் பேராசிரியரும் லிண்டா சில்வர்மேன் என்ற உளவியலாளரும் நமக்கென்றே ஒரு மாடல் எழுதினார்கள். ஆனால் இந்தக் கேள்வித்தாள்களை விடாமல் நிரப்பிய கூட்டங்களில் நர்சிங் மாணவர்களும் முக்கியமானவர்கள். ஆஸ்திரேலியா, பிரிட்டன், அயர்லாந்து, ஜோர்டான் என்று நாடு நாடாகச் சர்வே நடந்திருக்கிறது. தங்கச்சிக்காக நான் தேட ஆரம்பித்ததும் இதைத்தான்: வெவ்வேறு நாட்டு நர்சிங் மாணவர்கள் எப்படிக் கற்க விரும்புகிறார்கள்?

படித்துப் பார்த்ததில் ஒரு விஷயம் உறுத்தியது. ஆஸ்திரேலியாவில் முதலாம் ஆண்டு நர்சிங், மிட்வைஃபரி மாணவர்களிடம் வார்க் கொடுத்து 2011-இல் ஒரு ஆய்வு வந்தது. பலரும் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளை விரும்பினார்கள். அதில் ஓங்கியிருந்தது ‘செய்து கற்பது’. அப்போ என் தங்கச்சி சொன்னது சரிதானே? பொறுங்க. அடுத்த வருஷமே அதே நாட்டில், அதே மாதிரி முதலாம் ஆண்டு மாணவர்களிடம், டேவிட் கோல்ப் என்ற அமெரிக்கரின் கேள்வித்தாளைக் கொடுத்து இன்னொரு ஆய்வு வெளிவந்தது. கோல்பின் நாலு வகையும் கிட்டத்தட்டப் பரவலாகவே இருந்தன. கொஞ்சம் முன்னால் நின்றவை ‘டைவர்ஜிங்’, ‘அசிமிலேட்டிங்’ என்ற இரண்டு. இந்த இரண்டுக்கும் பொதுவான குணம், உடனே கையை வைக்காமல் கவனித்து யோசிப்பது.

பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் போங்க. அங்கே பயன்பட்டது ஹனி, மம்ஃபோர்ட் என்ற இருவரின் கேள்வித்தாள். இரண்டு நாட்டிலும் நர்சிங் மாணவர்களில் அதிகம் வந்த வகை ‘ரிஃப்ளெக்டர்’. அதாவது பின்னால் நின்று பார்த்து, நிதானமாக யோசித்து, பிறகு வாயைத் திறப்பவர். அயர்லாந்தில் ஒரே மாணவர்களை முதலாம் ஆண்டிலும் கடைசி ஆண்டிலும் கேட்டிருக்கிறார்கள். இரண்டு முறையும் முதலிடம் ரிஃப்ளெக்டருக்குத்தான்.

இதை வைத்து, “ஆஸ்திரேலிய நர்ஸ் செய்து கற்பவர், ஐரிஷ் நர்ஸ் யோசித்துக் கற்பவர்” என்று முடிவு கட்டலாமா? நம்ம லேப் பாஷையில் சொன்னால், ஒரு சர்க்யூட்டில் வோல்ட் மீட்டரையும் இன்னொன்றில் தெர்மாமீட்டரையும் வைத்துவிட்டு, இரண்டு ரீடிங்கையும் ஒரே டேபிளில் எழுதுவது மாதிரி. அப்சர்வேஷன் நோட்டில் அப்படி எழுதினால் சார் கையெழுத்துப் போடுவாரா? வார்க் கேட்பது எந்தப் புலன் வழியாக என்று. ஹனி, மம்ஃபோர்ட் கேட்பது நீ எப்படி நடந்துகொள்கிறாய் என்று. பெட்டிகளே வேறு. எந்தப் பெட்டியைக் கொடுக்கிறோமோ, மாணவர் அதற்குள்தானே விழ முடியும்? அதோடு இந்த மாதிரி ஆய்வுகளில் பல, ஒரு பல்கலைக்கழகத்தின் ஒன்றிரண்டு பேட்சை வைத்துச் செய்தவை. அந்த பேட்ச் அந்த நாடு ஆகிவிடாது.

சரி, அளவுகோல் சண்டையை விடுங்க. ஒருத்தருக்குச் செய்து கற்பது பிடிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்படிச் சொல்லிக் கொடுத்தால் அவர் மற்ற வழிகளைவிட நன்றாகக் கற்பாரா? முழு விஷயமும் இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது. எனக்குப் பரோட்டா பிடிக்கும் என்பது உண்மை. தினமும் பரோட்டா சாப்பிட்டால் உடம்பு தேறும் என்பது தனியாக நிரூபிக்க வேண்டிய விஷயம்.

நிரூபிப்பது எப்படி என்று 2008-இல் ஹரோல்ட் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் தெளிவாக எழுதினார்கள். முதலில் மாணவர்களை விஷுவல், வெர்பல் என்று பிரி. ஒவ்வொரு குழுவிலும் பாதிப் பேருக்குப் படமாக, மீதிப் பேருக்கு வார்த்தையாகப் பாடம் நடத்து. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய். கடைசியில் எல்லோருக்கும் ஒரே பரீட்சை. விஷுவல் ஆட்களுக்குப் படத்திலும், வெர்பல் ஆட்களுக்கு வார்த்தையிலும் மார்க் அதிகமாக வந்தால் கருத்து ஜெயித்தது. கன்ட்ரோல் குரூப் தெரிந்த யாருக்கும் இது புதுசு இல்லை. இப்படி ஒழுங்காகச் செய்த ஆய்வுகளைத் தேடினால், கிடைத்ததே மிகக் குறைவு. அவற்றிலும் சில, இந்தக் கருத்துக்கு நேர் எதிரான முடிவைக் காட்டின. ஸ்டைல் பார்த்துப் பாடம் நடத்துவதை நியாயப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்று அவர்கள் முடித்தார்கள்.

உடம்பைப் பற்றிய பாடத்திலேயே ஒரு சோதனை உண்டு. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் அனாடமி படித்தவர்களுக்கு வார்க் கொடுத்து, அவர்கள் உண்மையில் எப்படிப் படித்தார்கள் என்றும் கேட்டு, 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பேர் தங்கள் ‘டைப்’படி படிக்கவே இல்லை. டைப்படி படித்த மிச்சப் பேருக்கும் அதனால் மார்க் கூடவில்லை.

ஆனால் நம்பிக்கை மட்டும் அசையவே இல்லை. பிரிட்டன், நெதர்லாந்து, துருக்கி, கிரீஸ், சீனா என்ற ஐந்து நாட்டு ஆசிரியர்களிடம், மாணவருக்குப் பிடித்த ஸ்டைலில் பாடம் நடத்தினால் நன்றாகக் கற்பார்களா என்று கேட்டபோது, ஒவ்வொரு நாட்டிலும் 90 சதவீதத்துக்கு மேல் ஆமாம் என்றார்கள். மாணவர்கள் நாட்டுக்கு நாடு மாறுகிறார்களோ இல்லையோ, ஆசிரியர்கள் இந்த விஷயத்தில் ஒரே கட்சி.

இப்போ கிளாஸ்ரூமை விட்டு வார்டுக்கு வாங்க. ஒரு நர்ஸ் என்ன செய்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். மஞ்சள் காமாலையைக் கண் வெள்ளையில் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நுரையீரலில் வீசிங்குக்கும் கிராக்கிளுக்கும் உள்ள வித்தியாசம் ஸ்டெதாஸ்கோப்பில் காதுக்குத்தான் தெரியும். நரம்பு கிடைக்காத கையில் ஐ.வி போட வேண்டுமானால் விரல் நுனிதான் வழி காட்டும். சர்க்கரை நோயாளிக்குக் கீட்டோ அசிடோசிஸ் வந்தால் மூச்சில் ஒரு பழ வாசனை வரும், அதற்கு மூக்கு வேண்டும். நான்கு மணி நேரத்தில் 500 மில்லி சலைன் ஏற்ற வேண்டும், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால், நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு? பத்தாயிரத்தை 240-ஆல் வகுத்தால் 41.67, அதாவது 42 சொட்டு. இதைத் தொட்டுப் பார்த்தோ கேட்டுப் பார்த்தோ கற்க முடியாது. பேப்பரில் போட்டுப் போட்டுத்தான் கை பழகும்.

எந்த வழியில் கற்க வேண்டும் என்பதை முடிவு செய்வது பாடம். கற்பவரின் டைப் இல்லை. ஊசி போடுவதை எந்த டைப்பாக இருந்தாலும் போட்டுத்தான் பழக வேண்டும். மருந்து அளவை எந்த டைப்பாக இருந்தாலும் எழுதித்தான் பழக வேண்டும். “நான் ஆரல் லேர்னர் இல்லைங்க, அதனால லங் சவுண்ட் கேக்க மாட்டேன்”னு ஒரு நர்ஸ் சொன்னால் அவரிடம் உங்க அப்பாவை விட்டுட்டு வருவீங்களா?

நம்ம ஊர் நர்ஸ்களுக்கு இதில் இன்னொரு பக்கமும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்தும் கேரளாவிலிருந்தும் பிரிட்டனுக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்க தெருவிலேயே எண்ணலாம். அங்கே பதிவு பெற இரண்டு கட்டத் தேர்வு. ஒன்று கம்ப்யூட்டரில் எழுதுவது, அதில் மருந்துக் கணக்கும் வரும். இன்னொன்று ஓஸ்கி, அதாவது ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய்ச் செய்து காட்டுவது. இரண்டிலும் தேற வேண்டும். செய்து கற்பவருக்கு முதல் தேர்விலிருந்து விலக்கு கிடையாது.

இப்போ எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிற விஷயத்துக்கு வருகிறேன். இது ஆய்வு சொன்னது இல்லை, என் தங்கச்சியைப் பார்த்து எனக்குத் தோன்றியது. “படிச்சா ஏறாது” என்று அவள் சொன்னபோது, எதைப் படித்தாள்? வாக்கியம் வாக்கியமாக ஆங்கிலப் புத்தகம். பன்னிரண்டு வருஷம் தமிழில் சயின்ஸ் படித்த பெண்ணிடம், முதல் நாளிலிருந்தே அந்தப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு ஒரு தாளில் “உனக்குப் படிப்பது பிடிக்குமா, செய்வது பிடிக்குமா” என்று கேட்டால் என்ன டிக் அடிப்பாள்? லேபில் மேடம் செய்து காட்டுவதற்கு மொழி குறுக்கே வராது. அவளுடைய மூளையின் வகை என்று அந்தத் தாள் சொன்னது, அவளுடைய ஆங்கிலத்தின் நிலையாகவும் இருக்கலாம் இல்லையா? ஜோர்டானிலும் வீட்டில் அரபி, நர்சிங் கிளாஸில் பெரும்பாலும் ஆங்கிலம். அங்கேயும் இதே கேள்வித்தாள்தான் போயிருக்கிறது. நாடுகளை ஒப்பிடுகிறவர்கள், தாய்மொழியில் படிக்கிறவர் யார், படிக்காதவர் யார் என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டாமா?

இங்கிலீஷ் மீடியத்தில் படித்த எனக்கு இது இத்தனை நாள் உறைக்கவே இல்லை. நான் புத்தகத்தைத் தொடாதது சோம்பல். அவள் தொடாதது கஷ்டம். அந்தத் தாள் இரண்டையும் ‘டைப்’ என்றே எழுதியது. சோம்பலுக்கும் கஷ்டத்துக்கும் மருந்து வேறு வேறு. டைப்புக்கு மருந்தே கிடையாது, அதுதான் அதில் இருக்கிற ஆபத்து. மாணவி “நான் இப்படித்தான்” என்று உட்கார்ந்துவிடுவாள். காலேஜும் “அவங்க அப்படித்தான்” என்று விட்டுவிடும். ஆங்கிலம் தடுக்கிறது என்று தெரிந்தால் யாராவது உதவி செய்ய வேண்டியிருக்கும். டைப் என்று சொல்லிவிட்டால் யாருக்கும் வேலை இல்லை.

டெஸ்ட் வைத்த மேடத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. கிளாஸை விதவிதமாக நடத்த வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் அவர் செய்திருப்பார். படம், பேச்சு, எழுத்து, செய்முறை எல்லாம் கலந்து வந்தால் எல்லோருக்குமே நல்லதுதான். எல்லா மாணவரும் ஒன்று என்றும் நான் சொல்லவில்லை. ஏற்கெனவே தெரிந்தது, மொழி, கண் பார்வை, காது, டிஸ்லெக்சியா, வீட்டில் கிடைக்கிற நேரம் என்று நிஜமான வித்தியாசங்கள் எத்தனையோ உண்டு. 16 கேள்வியில் சிக்காதவை அவைதான்.

அப்போ எதுதான் வேலை செய்கிறது? எல்லா ‘டைப்’புக்கும் பலன் தந்த வழிகள் இருக்கின்றன. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனை ரொம்ப எளிமையானது. ஒரு பத்தியை ஒரு கூட்டம் இரண்டு தடவை படித்தது. இன்னொரு கூட்டம் ஒரு தடவை படித்துவிட்டு, மூடி வைத்து, ஞாபகம் வந்ததை எழுதியது. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது இரண்டு தடவை படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு நினைவிருந்தது 42 சதவீதம், மூடி வைத்து எழுதியவர்களுக்கு 56 சதவீதம். நான் வீடியோ பார்த்து ஏமாந்தது எங்கே என்று இப்போ புரிகிறதா? பார்த்த ஐந்தாவது நிமிஷத்தில் நானும் முன்னால்தான் இருந்தேன்.

நர்சிங்கிலேயே இன்னொன்று. அமெரிக்காவில் பத்து நர்சிங் கல்லூரிகளில், வார்டு நேரத்தில் பாதி வரைக்கும் எடுத்துவிட்டு அதற்குப் பதிலாகத் தரமான சிமுலேஷன் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2014-இல் முடிவு வந்தது. அறிவிலும், திறமையிலும், லைசென்ஸ் தேர்விலும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் பொம்மையை வைத்து ஊசி போட்டதோடு அது முடியவில்லை. ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் உட்கார்ந்து, என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று பேச வைத்தார்கள். கை செய்ததை வாய் சொல்ல வேண்டியிருந்தது.

தங்கச்சி விஷயத்துக்கு வருகிறேன். தினம் ராத்திரி ஒன்பதரைக்கு, ஹாஸ்டலில் போன் வாங்கி வைப்பதற்கு முன், இருபது நிமிஷம். புத்தகத்தை மூடு, மருந்தின் பெயரை நான் சொல்கிறேன், நீ தமிழில் விளக்கு. இவ்வளவுதான் ஏற்பாடு. முதல் நாள் “ஃபுரோஸ்மைடு” என்றேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு, “உடம்புல நீர் கோத்துக்கிட்டா குடுப்பாங்க அண்ணா, ஒண்ணுக்கு நிறையப் போகும்” என்றாள். “போனா என்ன ஆகும்?” “தண்ணியோட பொட்டாசியமும் போயிரும்… ஓ, அதனாலதான் இதயத் துடிப்பப் பாக்கணும்னு போட்டுருக்கா?” அந்த ‘ஓ’ எனக்கு இன்னும் கேட்கிறது. அதற்கப்புறம் அதையே ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். ஸ்பெல்லிங்கை நான் திருத்துவேன். ‘நீர்க்கோவை’, ‘குமட்டல்’ மாதிரி வார்த்தைகளை அவள் எனக்குத் திருத்துவாள். அதில் நான்தான் அதிகம் தப்பு விட்டேன்.

இரண்டாவது இன்டர்னலில் 50-க்கு 27. பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. ஒரு ஆளை வைத்து எதையும் நிரூபிக்கவும் முடியாது, மேலே கன்ட்ரோல் குரூப் பற்றி அவ்வளவு பேசிவிட்டு நானே அதைச் செய்யக் கூடாது. “எனக்கு வராது” என்பதை மட்டும் அவள் இப்போ சொல்வதில்லை. “அந்தச் சாப்டர் இன்னும் வரல” என்கிறாள்.

நம்ம ஜூனியர்களுக்கு அடுத்த ஆரியண்டேஷனிலும் யாராவது ஒரு தாள் கொடுப்பார்கள். டிக் அடிக்கட்டும், ஜாலியாகத்தான் இருக்கும். நீங்க பக்கத்தில் இருந்தால் ஒன்று மட்டும் சொல்லுங்க: வெளியே வந்ததும் அதைக் கீழே வச்சிட்டு, காலையில் நடந்த கிளாஸில் ஞாபகம் இருப்பதை அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்க. முன்பக்கத்தைவிட அது அவர்களைப் பற்றி நிறையச் சொல்லும்.